சார், ஒரு சின்ன டவுட்!

நம் அலுவலகங்களில் ஒருவர் எப்படி டீம் லீடர் ஆகிறார் என்று யோசித்துப் பாருங்கள். யார் கோடிங்கில் கெட்டிக்காரரோ, யார் கிளையில் கடன் வசூல் நன்றாக நடக்கிறதோ, மெஷின் நின்றால் யார் முதலில் பழுதைக் கண்டுபிடிக்கிறாரோ அவரைத் தேர்ந்தெடுத்து, எட்டுப் பத்துப் பேரை அவரிடம் ஒப்படைக்கிறோம். மறுநாள் காலையிலிருந்து அவருடைய வேலையே வேறாகிவிடுகிறது. அதுவரை தன் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவெடுத்தவர், இனி மற்றவர்கள் பார்த்ததை வைத்து முடிவெடுக்க வேண்டும். அவர்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். மறைத்தால், மழுப்பினால், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் இருட்டில்தான் இருப்பார். பேச்சாற்றல், ஊக்கமூட்டுதல், நேரத்தைக் கையாளுதல் என்று தலைமைப் பண்புகளுக்குப் பட்டியல் போடும் புத்தகங்கள் ஏராளம். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் கிடக்கும் ஒரு திறன்தான் முதலில் இருக்க வேண்டியது என்பது என் வாதம். தனக்குக் கீழே இருப்பவர் கெட்ட செய்தியை, இன்னும் சரிசெய்ய நேரம் இருக்கும்போதே, தயங்காமல் தன்னிடம் வந்து சொல்லும்படி நடந்துகொள்வதுதான் அந்தத் திறன். இது பிறவிக் குணம் அல்ல, பயிற்சியால் வரக்கூடியது. சாட்சி வேண்டுமென்றால் விமானத் துறையைப் பார்க்கலாம்.

ஏன் விமானத் துறை? ஓர் அலுவலகத்தில் புராஜெக்ட் கவிழ்ந்தால், யார் எப்போது என்ன சொன்னார்கள், யார் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்குப் பதிவு இருக்காது. ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். விமானி அறையில் பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையும் கறுப்புப் பெட்டியில் பதிவாகிறது. விபத்து நடந்தால் வல்லுநர்கள் அதை நொடி நொடியாகக் கேட்டு அறிக்கை எழுதுகிறார்கள். ஒரு சிறிய குழுவுக்குள் தலைவரும் உடனிருப்பவர்களும் நெருக்கடியில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கு இவ்வளவு துல்லியமான ஆவணம் வேறு எந்தத் தொழிலிலும் இல்லை.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பி விடப்பட்டிருந்தன. பனிமூட்டம். ஓடுதளத்தின் ஒரு முனையில் ஹாலந்தின் கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. அதே ஓடுதளத்தில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு ஜம்போ ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கேஎல்எம் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் ஜம்போ விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பிரிவின் தலைவர், அதன் விளம்பரங்களில் முகம் காட்டியவர். அருகில் இருந்த துணை விமானிக்கு அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதி இருக்கிறது என்று சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் சோதித்துச் சான்றளித்தவரும் அவரே. கேப்டன் முதலில் எஞ்சின் வேகத்தைக் கூட்டியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். கேப்டன் நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில், எந்தப் பாதையில் பறக்க வேண்டும் என்ற அனுமதி மட்டும் வந்தது. புறப்படும் அனுமதி வரவில்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் பிரேக்கை விடுவித்துவிட்டார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, பின்னால் இருந்த விமானப் பொறியாளர், பான் ஆம் விமானம் இன்னும் ஓடுதளத்தை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. சில நொடிகளில் 583 உயிர்கள் போயின. விமானப் போக்குவரத்து வரலாற்றில் இன்றுவரை இதைவிடப் பெரிய விபத்து இல்லை.

இந்த விபத்துக்குப் பனி, ரேடியோ இரைச்சல், தெளிவில்லாத சொற்கள், பணி நேர வரம்பின் நெருக்கடி எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நம் வாதத்துக்கு முக்கியமானது, துணை விமானி முதல் முறை திருத்தியதும் இரண்டாம் முறை திருத்தாததும். கீழே இருப்பவர் எவருக்கும் மேலதிகாரியைத் திருத்துவதற்கு ஓர் அளவுதான் துணிச்சல் கையிருப்பில் இருக்கும். ஒருமுறை பேசியதிலேயே அது பெரும்பாலும் செலவாகிவிடும். ‘காலையிலேயே ஒன்று சொன்னோம், மறுபடியும் சொன்னால் என்ன நினைப்பாரோ’ என்ற கணக்கு ஓடத் தொடங்கிவிடும். தலைவர் அந்தக் கையிருப்பை நிரப்பிக்கொண்டே இருந்தால் மட்டுமே இரண்டாவது எச்சரிக்கை வாயைத் தாண்டி வரும். அந்தக் கேப்டன் கொடுமைக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய பெயரும் புகழும் அனுபவமுமே அந்தச் சிறிய அறையில் மற்ற இருவரின் வாயை அடைக்கப் போதுமானவையாக இருந்தன. திறமைக்காக உயர்த்தப்படும் ஒவ்வொரு தலைவருக்கும் உள்ள ஆபத்து இது.

அடுத்த ஆண்டே, 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகருக்கு வெளியே யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று விழுந்தது. எஞ்சினில் கோளாறு இல்லை, எரிபொருள் தீர்ந்துபோயிற்று. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் கேப்டன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தைப் பற்றியும் பயணிகளைத் தயார்படுத்துவது பற்றியும் அவர் காட்டிய அக்கறை உண்மையானது. எரிபொருள் குறைவதை விமானப் பொறியாளர் சொல்லாமல் இல்லை. இன்னும் பதினைந்து நிமிடம் சுற்றினால் மிகவும் குறைந்துவிடும் என்று சொன்னார். ஆனால், இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம் என்று சொல்லவில்லை. தகவல் அந்த அறையில் இருந்தது. கேப்டனின் மனதில் தைக்கவில்லை. இறந்த 10 பேரில் அந்தப் பொறியாளரும் ஒருவர். விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கேப்டன்களுக்குக் குழுவை நடத்தும் பயிற்சியும், மற்றவர்களுக்கு அழுத்திச் சொல்லும் பயிற்சியும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1979-ல் நாசா அமைப்பு இதற்காகவே ஒரு கூட்டத்தைக் கூட்டியது. 1981-ல் அதே யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்கு முறையான பயிற்சியைத் தொடங்கியது. பிற்காலத்தில் சிஆர்எம், அதாவது க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், என்று உலகம் முழுக்கப் பரவி, வணிக விமானிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பயிற்சியின் தொடக்கம் அது.

அந்தப் பயிற்சியை மூத்த விமானிகள் எளிதில் ஏற்கவில்லை. விமானம் ஓட்டத் தெரிந்தவனுக்கு நயமாகப் பேசச் சொல்லித்தருகிறார்களா என்று கேலி பேசினார்கள். அந்தக் கேலிக்குப் பின்னால் இருந்த கேள்வி நியாயமானது: குணத்தை வகுப்பறையில் மாற்ற முடியுமா? பயிற்சியை வடிவமைத்தவர்கள் குணத்தை மாற்ற முயலவில்லை. நடத்தையை மாற்றினார்கள். சிமுலேட்டரில் ஒரு முழுப் பயணத்தை ஓட்டச் சொல்லி, நடுவில் கோளாறுகளை வைத்து, குழு பேசிக்கொண்டதை வீடியோவில் பதிந்து, பிறகு அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். துணை விமானி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது தான் கையை உயர்த்தித் தடுத்ததை ஒரு கேப்டன் திரையில் பார்க்கிறார். தான் அப்படிச் செய்ததே அவருக்கு நினைவில் இருக்காது. எந்த அறிவுரையாலும் முடியாததை அந்த ஒரு காட்சி செய்துவிடும். தன் குரல், தன் முகம், தன் அவசரம் மற்றவர்மேல் எப்படி விழுகிறது என்று அறிவதுதான் தலைவருக்குத் தேவையான சுயஅறிவு. தனியே உட்கார்ந்து யோசித்து இதைப் பெறுவது கடினம். வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பயன் இருந்ததா? 1989 ஜூலை 19 அன்று, யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் நடுவானில் சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. விமானத்தைத் திருப்பவோ ஏற்றி இறக்கவோ உதவும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இப்படி ஒரு நிலைமைக்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதப்படவில்லை. கேப்டன் ஆல் ஹேன்ஸ், தனக்கு விடை தெரியாது என்பதை மறைக்கவில்லை. பயணியாக வந்துகொண்டிருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் ஒரு விமானியை அறைக்குள் அழைத்தார். அவர் விமானிகளுக்கு இடையே தரையில் மண்டியிட்டு, மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பினார். நாலு பேரும் சுமார் 44 நிமிடம் விடாமல் பேசிக்கொண்டே சூ சிட்டி ஓடுதளம்வரை கொண்டு வந்தார்கள். விமானம் இறங்கும்போது உடைந்து தீப்பிடித்தது; 112 பேர் இறந்தார்கள். ஆனால் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். முன்பெல்லாம் கேப்டன் சொன்னதே வேதமாக இருந்தது, அந்தப் பயிற்சி மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம் என்று பிற்காலத்தில் ஹேன்ஸ் ஊர் ஊராகச் சென்று பேசினார். ஒரு சம்பவத்தை வைத்து ஒரு கொள்கையை நிறுவ முடியாது என்பது சரிதான். அதனால்தான் அதே அமெரிக்க வாரியம் 1994-ல் வெளியிட்ட ஆய்வை இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. 1978 முதல் 1990 வரை விமானிக் குழுவின் தவறு காரணமாக இருந்த 37 பெரிய விபத்துகளை அது எடுத்துக்கொண்டது. அவற்றில் 31-ல், ஒருவர் செய்யும் தவறை மற்றவர் கவனித்து எதிர்த்துக் கேட்கத் தவறியது பங்கு வகித்தது. இன்னொன்றும் தெரியவந்தது. கேப்டனும் துணை விமானியும் வழக்கமாக மாறி மாறித்தான் ஓட்டுவார்கள். இந்த விபத்துகளிலோ 80 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் ஓட்டியவர் கேப்டன். அனுபவம் அதிகம் உள்ளவர் கையில்தான் அதிக விபத்து. துணை விமானி ஓட்டும்போது தவறினால் கேப்டன் உடனே திருத்துவார். கேப்டன் தவறினால் திருத்த வேண்டியவர் இளையவர். அங்கேதான் சங்கிலி அறுந்தது.

இதைப் படிக்கும் பலருக்கும் முதலில் எழும் மறுப்பு எனக்குத் தெரியும்: அதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக்குச் சரி, பெரியவர் பேச்சை மறுத்துப் பேசாதே என்று வளர்ந்த நம் பிள்ளைகளிடம் இது எடுபடுமா? முதலில், டெனரீஃபில் வாயடைத்துப் போனவர்கள் ஹாலந்துக்காரர்கள், போர்ட்லேண்டில் அமெரிக்கர்கள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவர்கள் என்று பெயரெடுத்த சமூகங்கள் அவை. பதவியின் உயரம் எந்த நாட்டிலும் வாயடைக்கும். இரண்டாவது, கொரியன் ஏர் நிறுவனத்தின் அனுபவம். 1999 டிசம்பரில் லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட்டில் அதன் சரக்கு விமானம் விழுந்து, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். கேப்டனின் கருவி தவறாகக் காட்டியது. துணை விமானியின் கருவி சரியாகவே காட்டியது. விமானப் பொறியாளர் விமானம் சாய்வதைப் பலமுறை குரல் கொடுத்துச் சொன்னார். துணை விமானி வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்திலிருந்து ஒரு அதிகாரியை விமான இயக்கப் பிரிவுக்குத் தலைவராக அழைத்து வந்து, பயிற்சியை அடியோடு மாற்றியது. கொரியர்களின் பண்பாடுதான் விபத்துகளுக்குக் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு, அதைக் கடுமையாக மறுப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் போகாமலே ஒன்றைச் சொல்லலாம். அதே மக்கள், அதே மொழி, அதே பெரியவர் மரியாதை. ஸ்டான்ஸ்டெட்டுக்குப் பிறகு அந்த நிறுவனத்தில் உயிர்ப்பலி வாங்கிய விமான விபத்து நடக்கவில்லை.

நம் மரபு மௌனத்தைத்தான் போதிக்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. காதுக்குக் கசப்பான சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் வேந்தனைத் திருக்குறள் இறைமாட்சி அதிகாரத்தில் வைத்துப் புகழ்கிறது. அரசன் அறியாதவனாக இருந்தாலும் உறுதியானதை எடுத்துச் சொல்வது அமைச்சன் கடமை என்கிறது அமைச்சு அதிகாரம். சொல்லும் கடமையை ஒருவருக்கும் தாங்கும் கடமையை மற்றவருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார் வள்ளுவர். நம் அலுவலகங்களில் முதல் கடமையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். ‘பிரச்சினை இருந்தால் வந்து சொல்லியிருக்கலாமே’ என்று கேட்கிறோம். சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதை மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்தியாவிலேயே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த வாதம் முழுமையாகாது. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் தப்பினார்கள். கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். பயணத்தின்போது நீண்ட நேரம் அவர் இருக்கையில் தூங்கியிருக்கிறார் என்பது குரல் பதிவில் தெரிந்தது. விழித்தவுடன் மூளை தெளிவதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. துணை விமானி, ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று மூன்று முறை சொன்னார். கருவியும் எச்சரித்தது. கேப்டன் இறங்குவதிலேயே குறியாக இருந்தார். இங்கே துணை விமானி ஊமையாக இருந்துவிட்டார் என்று குறை சொல்ல வழியில்லை. அவர் சொன்னார், தெளிவான சொல்லில் சொன்னார். ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. பேசப் பழக்குவது பாதி வேலைதான் என்பதற்கு மங்களூரு சாட்சி. எடுத்த முடிவைப் பாதியில் கைவிடும் மனப்பயிற்சி தலைவருக்கு இல்லாவிட்டால் எவ்வளவு தெளிவான குரலும் காற்றோடு போய்விடும். களைப்பு, கோபம், இன்னும் கொஞ்சம்தானே முடித்துவிடலாம் என்ற வேகம் ஆகியவை தன் காதை அடைக்கும் தருணங்களை ஒரு தலைவர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். தூக்கமில்லாத இரவுக்குப் பின் நடத்தும் ரிவ்யூ மீட்டிங்கில் தன் முடிவுகளைத் தானே இரண்டு மடங்கு சந்தேகிக்கத் தெரிந்தவர், ஆளுமைத் திறன் வகுப்புகள் பத்துக்குப் போனவரைவிடத் தேர்ந்தவர்.

அடுத்த மறுப்பு: நெருக்கடியில் எல்லாரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடாதா, தலைவர் என்றால் சட்டென்று முடிவெடுக்க வேண்டாமா? வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரத்தை யாரும் கேப்டனிடமிருந்து பறிக்கவில்லை. சிஆர்எம் பயிற்சியும் அதை அவரிடமே விட்டுவைக்கிறது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கிய கேப்டன் சல்லன்பர்கருக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றரை நிமிடம். ஆற்றில் இறக்குவது என்ற முடிவை அவர்தான் எடுத்தார். ஆனால் தண்ணீரைத் தொடுவதற்குச் சில நொடிகள் முன்புகூட, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று துணை விமானியிடம் கேட்டது பதிவில் இருக்கிறது. ஒன்றும் இல்லை என்பது பதில். கேட்கச் செலவான நேரம் இரண்டு நொடி. 155 பேரும் பிழைத்தார்கள். நேரம் இல்லை என்று சொல்லும் பல டீம் லீடர்களிடம் உண்மையில் இருப்பது, கேட்டால் தன் அதிகாரம் குறைந்துபோகுமோ என்ற அச்சம்.

உயிர் போகும் தொழிலுக்குப் பொருந்துவது கணினியும் கணக்கும் உள்ள அலுவலகத்துக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம் என்று கணக்கு சொன்னது. காரணத்தைத் தேடியபோது, அங்கே தவறை வெளியே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் புதைத்துவிடுகிறார்கள் என்று புரிந்தது. இதிலிருந்துதான் பயமில்லாமல் பேசும் சூழல் பற்றிய அவருடைய 1999-ம் ஆண்டுக் கட்டுரை வந்தது. பின்னர் கூகுள் நிறுவனம் தன்னிடம் உள்ள 180 குழுக்களை ஆராய்ந்து, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே முக்கியம், அதிலும் இந்தப் பயமற்ற சூழலே முதலிடம் என்று கண்டது. அதற்கு முன்பே நல்ல மேலாளர்களை ஆராய்ந்து எட்டு இயல்புகளைத் தொகுத்தபோது, தொழில்நுட்ப அறிவு அந்த வரிசையில் எட்டாவதாக வந்தது. பொறியாளர்களின் கோட்டை எனப்படும் ஒரு நிறுவனத்தில் வந்த முடிவு இது. வாராவாரம் எல்லாமே பச்சை நிறத்தில் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் வாங்கி மகிழும் மேலாளர்கள் எட்மண்ட்சனின் ஆய்வை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஒரு படிவம், ஒரு விதிமுறை போட்டு இதைச் சாதித்துவிடலாமா? அறுவை சிகிச்சைக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல் இங்கே நல்ல பாடம். கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பெயரைச் சொல்லி ஒருமுறை வாய் திறந்த செவிலியர், பிறகு தவறைப் பார்த்தாலும் வாய் திறப்பார் என்பது அதன் நம்பிக்கை. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 101 மருத்துவமனைகளில் இதைக் கட்டாயமாக்கிய பிறகு எடுத்த கணக்கு, 2014-ல் வெளியானபோது, சொல்லத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. முந்தைய ஆய்வின் முறையைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் வாசிப்பில், பட்டியலில் டிக் அடிப்பதும் அந்த அறையில் உண்மையாகப் பேசுவதும் ஒன்றாகிவிடவில்லை. ஒரு நிறுவனம் ‘ஓப்பன் டோர் பாலிசி’ என்று சுவரில் எழுதி வைப்பதால் யாரும் கதவைத் தட்டுவதில்லை. உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தட்டுவார்கள்.

எனவே முகத்துக்கும் வாய்க்கும் வருவோம். நம் ஊரில் ஒரு இளைஞர் மேலதிகாரியிடம் பெரிய ஆபத்தைச் சொல்ல வரும்போது பெரும்பாலும் ‘சார், ஒரு சின்ன டவுட்’ என்றுதான் ஆரம்பிப்பார். உண்மையில் அவருக்கு டவுட்டும் இல்லை, விஷயம் சின்னதும் இல்லை. மேலிருப்பவர் சங்கடப்படக் கூடாது என்பதற்காகத் தன் அறிவைத் தானே குறைத்துக்கொண்டு பேசுகிறார். 1982 ஜனவரியில் வாஷிங்டன் பனியில் புறப்பட்ட ஏர் ஃப்ளோரிடா விமானத்தில், எஞ்சின் அளவுகள் சரியாகத் தெரியவில்லையே என்று துணை விமானி இப்படித்தான் மெலிதாகச் சொல்லிப் பார்த்தார். கேப்டன் புறப்பாட்டை நிறுத்தவில்லை, விமானம் ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்தார்கள். இளையவர்களை நேராகப் பேசப் பழக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தப் பழக்கம் வரும்வரை ‘சின்ன டவுட்’ என்ற குரலுக்கு நிமிர்ந்து உட்கார வேண்டியவர் தலைவர். லேப்டாப்பை மூடிவிட்டு, ‘எதைப் பார்த்தீங்க, எப்போதிலிருந்து, உங்க கணக்குப்படி என்ன ஆகும்?’ என்று மூன்று கேள்வி கேட்டால், எதிரே இருப்பவர் மறைத்து வைத்திருந்த மீதியும் வெளியே வரும். ‘எல்லாம் ஓகே தானே?’ என்று கேட்டால் ஓகே என்ற பதில்தான் கிடைக்கும். ‘இந்த வாரம் எது தள்ளிப்போகும்னு தோணுது?’ என்று கேட்டால் தள்ளிப்போகும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மீட்டிங்கில் தன் கருத்தைத் தலைவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஆதாரம் தேடுவார்கள். கடைசியில் சொன்னால் அவர்களுடைய கருத்து கிடைக்கும். புதிய குழுவை முதன்முறை சந்திக்கும் நாளிலேயே, ‘இந்த டொமைன் எனக்குப் புதுசு, நான் தவறாப் புரிஞ்சுக்கிட்டா அப்பவே நிறுத்துங்க’ என்று சொல்லும் தலைவர், பின்னால் பத்துக் கூட்டங்கள் நடத்தினாலும் வாங்க முடியாத அனுமதியைக் கொடுத்துவிடுகிறார். யாராவது சொன்ன ஒரு எச்சரிக்கை பொய்யாகப் போனாலும், சொன்னதற்காக எல்லார் முன்னிலும் நன்றி சொல்வது இன்னும் அவசியம். அடுத்த முறை சந்தேகம் வரும்போது அவர் வாய் திறப்பது அந்த நன்றியைப் பொறுத்தது.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு நிகழ்வையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் தானே நின்று தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது கலாமைப் பேச அனுப்பினார். பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாக இது மேடைகளில் சொல்லப்படுகிறது. கலாம் சொன்னதில் இன்னொரு பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. ஏவுவதற்குச் சில நிமிடங்கள் முன் கணினி நிறுத்தச் சொன்னது. வல்லுநர்கள் பரவாயில்லை என்றார்கள். அதை மீறி ஏவும் முடிவைத் தான் எடுத்ததாக அவரே பல மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னார். தவறான முடிவெடுத்த ஒருவரை மேலதிகாரி ஊர் முன் காட்டிக்கொடுக்காமல் காத்தபோது, அந்தத் தவறை மறைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஓராண்டுக்குள் அடுத்த ராக்கெட் பறந்ததற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் பல உண்டு. என்ன தவறு நடந்தது என்று குழுவுக்குள் கூச்சமில்லாமல் பேச முடிந்ததும் அவற்றோடு சேர வேண்டியது என்று நான் நம்புகிறேன்.

தவறு செய்தவரையெல்லாம் மன்னித்துக்கொண்டே போனால் ஒழுங்கு என்னாகும் என்ற கவலை இங்கே வரும். விமானத் துறை இதற்கும் கோடு கிழித்திருக்கிறது. அமெரிக்காவில் நாசா 1976 முதல் நடத்தும் அறிக்கை முறையில், விமானி தெரியாமல் செய்த விதிமீறலைக் குறித்த நாட்களுக்குள் தானாகவே எழுதித் தெரிவித்தால் தண்டனையிலிருந்து பெருமளவு பாதுகாப்பு கிடைக்கும். வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் அலுவலகங்களிலும் இந்தப் பிரிவினை சாத்தியம். மாலை டெலிவரியை உடைத்த தவறை அன்று மாலையே வந்து சொன்னவருக்கும், அதை மூன்று நாள் மறைத்து கிளையன்ட் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தவருக்கும் அப்ரைசலில் ஒரே மதிப்பெண் போட்டால், அடுத்த ஆண்டு எல்லாரும் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

எல்லாராலும் இதைக் கற்க முடியுமா? டெக்சஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் ஹெல்ம்ரிக் பல ஆண்டுகள் விமானிகளை ஆராய்ந்து இரண்டு முடிவுகளைச் சொன்னார். பெரும்பாலானோரின் மனப்போக்கு பயிற்சியால் நல்லபடி மாறுகிறது; ஆனால் திரும்பத் திரும்பப் பயிற்சி தராவிட்டால் தேய்ந்துவிடுகிறது. சிறு பகுதியினர் பயிற்சிக்குப் பிறகு முன்பைவிட மோசமாகிறார்கள். இரண்டுமே நிறுவனங்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டியவை. பதவி உயர்வு வந்த வாரத்தில் ஒரு ஹோட்டல் அரங்கில் இரண்டு நாள் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ வகுப்பு, பிறகு ஆயுள் முழுக்க ஒன்றுமில்லை என்பது எதற்கும் உதவாது. டீம் லீடர் ஆக்குவதற்கு முன்பே சில மாதம் சிறு குழுவை நடத்தவிட்டு, அவர் நடத்தும் கூட்டத்தில் அனுபவசாலி ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து யார் எத்தனை முறை பேசினார்கள், யார் பேச்சு பாதியில் வெட்டப்பட்டது என்று குறித்து, கூட்டம் முடிந்ததும் அவரிடம் மட்டும் தனியாகக் காட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைத் திரும்பச் செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. எவ்வளவு பழக்கியும் மாறாத கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆளே இல்லாமல், அவர்களுடைய தொழில் அறிவுக்காகவே சம்பளமும் மதிப்பும் உயரும் தனி ஏணி ஒன்று நிறுவனத்தில் இருக்க வேண்டும். இன்று பல இடங்களில் சம்பளம் ஏற வேண்டுமானால் ஆட்களை மேய்த்தே ஆக வேண்டும் என்ற நிலை இருக்கிறது. விருப்பமும் பயிற்சியும் இல்லாத பலர் தலைவர்களாகி, அவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு வேறு வேலை தேடுவதற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம். அதை மாற்றும் அதிகாரம் டீம் லீடர்களிடம் இல்லை, அவர்களை நியமிப்பவர்களிடம் இருக்கிறது.